பெயிண்ட் கடை தாண்டி இடது பக்கம்

பிப்ரவரி 4

அன்புள்ள டீச்சருக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நலமா என்று கேட்டால், "கேக்கறதுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆச்சா?" என்பாய். அதனால் கேட்கவில்லை. நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முனகுகிறது. கடையை முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறேன். பெயிண்ட் கலக்க இப்போது இரண்டு மெஷின்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சரக்கைக் காட்டாமல் விலை பேசுவது எனக்கு ஆகாது. நகராட்சியும் எங்கள் வியாபாரிகள் சங்கமும் சேர்ந்து ஒரு வேலை செய்கிறோம். இந்த ஊரில் வாழ்ந்து பேர் வாங்கியவர்களின் இடங்களை வரிசையாக நடந்து பார்க்கிற மாதிரி ஒரு வழி. கூட்டிக்கொண்டு போக ஆள் கிடையாது. கையில் ஒரு வழித்தாள், ஒவ்வொரு இடத்திலும் ஒரு பித்தளைத் தகடு. தாளைப் பார்த்து அவரவரே நடந்துகொள்ள வேண்டியது. மொத்தம் ஏழு இடம், இரண்டரை கிலோமீட்டர். நானே இரண்டு தடவை நடந்து அளந்தேன். முழங்கால் முனகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கால்பந்து கோல்கீப்பர் இருக்கிறார். அவர் வீட்டில் இப்போது பல் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர்க் குழாய்க்குப் புது மாதிரி வால்வு கண்டுபிடித்தவர், நாடகத்தில் சிரிக்க வைத்தவர், ஒரு நீதிபதி என்று போகிறது பட்டியல். நாலாம் இடம் நீ.

சிரிக்காதே. உன் சைகை அகராதி காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் போகிறதாமே. மூவாயிரத்து அறுநூறு கைப்படம் என்று பேப்பரில் போட்டிருந்தது. சங்கத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற ஆறு பேரும் செத்துப்போனவர்கள், சம்மதம் கேட்கத் தேவையில்லை. நீ ஒருத்திதான் உயிரோடு இருந்து தொல்லை கொடுக்கிறாய்.

தகட்டை நம் வீட்டு வாசற்சுவரில் வைக்கலாம் என்று முடிவு. "இந்த வீட்டின் மாடியறையில் சைகை அகராதி உருவானது" என்று வாசகம். சரி என்று ஒரு வரி எழுது, போதும். ஏப்ரல் கடைசியில் திறப்பு. வந்தால் நல்லது.

நம் பட்டாணி எப்படி இருக்கிறாள்? ஒன்பது வயதில் பார்த்தது. இப்போது என்ன உயரம்? ஒரு போட்டோ அனுப்பக் கூடாதா?

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
(சட்டப்படி இன்னும் அப்படித்தான்)

*

பிப்ரவரி 16

கடைக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் நலம்.

தகடு வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. எனக்காக இல்லாவிட்டாலும், காது கேளாத ஒருவர் தன் ஊர்ச் சுவரில் தன் மொழியின் பெயரைப் பார்க்கட்டும். ஆனால் அகராதி அந்த மாடியறையில் உருவாகவில்லை. அந்த அறையில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பிரைமர் டின்னும், டிஸ்டெம்பர் மூட்டையும், விற்காத ஷேடு கார்டும்.

நான் உட்கார்ந்து வரைந்தது பஸ் நிலையத்துக் காத்திருப்பு அறையில். வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று காது கேளாதவர்கள் மாலையில் அங்கேதான் கூடுவார்கள். கை தெரிந்தால்தானே பேச முடியும். தகடு வைப்பதானால் அங்கே வையுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

போட்டோவைப் பற்றி அவளிடம் கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

பட்டாணியின் அம்மா

*

பிப்ரவரி 26

அன்புள்ள டீச்சருக்கு,

நீ "வேண்டாம்" என்று எழுதினால் அதில் பேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்சம் கேள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தகட்டுக்கு ஜனவரியிலேயே ஆர்டர் கொடுத்துவிட்டேன். நீ மறுக்கமாட்டாய் என்று நினைத்தேன். வாசற்சுவரில் நாலு ஓட்டையும் போட்டாகிவிட்டது. மாடியில் இருந்த சரக்கை எல்லாம் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றினேன். அறைக்கு வெள்ளை அடித்தேன், நல்ல சரக்கு, வாசனையே இல்லாதது. பழைய சாமான் கடையில் ஒரு தேக்கு மேசை கிடைத்தது. கூடவே கைப்பிடி வைத்த நாற்காலி, பச்சை மூடி போட்ட மேசை விளக்கு. மேசைமேல் ஒரு மைக்கூடு வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு நீ இப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாய் என்று தோன்றும். சங்கத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அசந்துபோனார்கள்.

பஸ் நிலையம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மூத்திர நாற்றம். பெஞ்சுக்குக் கால் உடைந்திருக்கும். ஊர் ஊராக வருகிறவர்களை அங்கேயா கொண்டுபோய் நிறுத்துவது?

வியாபார எண்ணமும் இருக்கிறது, மறைக்கவில்லை. மாடிக்குப் போக வேண்டுமென்றால் கடைக்குள் நுழைந்துதான் போக வேண்டும். பத்துப் பேர் ஏறி இறங்கினால் ஒருத்தராவது ஒரு பிரஷ் வாங்கமாட்டாரா? ஆனால் அதற்காக மட்டும் தேக்கு மேசை வாங்குவேனா, சொல்லு.

நீ இந்த வீட்டில் பதினாலு வருஷம் இருந்தாய். அது எங்கேயாவது எழுதியிருக்க வேண்டாமா? எனக்கு அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரன்

*

மார்ச் 11

கடைக்காரருக்கு,

எனக்கு அந்த வீட்டில் மேசை இருந்ததே இல்லை. நாற்காலியும் இல்லை. மைக்கூட்டை எதற்கு வைத்தீர்கள்? நான் பென்சிலில் வரைந்தேன், மடிமேல் பலகை வைத்து.

பட்டாணிக்கு இரண்டு வயதில் காது கேட்காது என்று தெரிந்தபோது, அந்த அறையை அவளுக்குப் பாடம் சொல்லித்தர ஒதுக்குகிறேன் என்றீர்கள். ஒரு வாரம் காலியாக இருந்தது. அப்புறம் "மழைக்காலம் முடியற வரைக்கும் ஒரு லோடு மட்டும்" என்றீர்கள். அந்த மழை ஏழு வருஷம் பெய்தது.

அதனால்தான் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் போனேன். இஸ்திரி போடுகிறவர் ஒருவர், பஸ் கழுவுகிற இரண்டு பேர், தையல்காரி ஒருத்தி. அவர்கள்தான் எனக்கு வாத்தியார்கள். "பசி"க்கு என்ன, "பயம்"க்கு என்ன, "நாளைக்கு"க்கு என்ன என்று கேட்டுக் கேட்டு வரைந்தேன். பட்டாணி அவர்கள் மடியில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டாள். நீங்கள் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஊரே பாக்குது, ரெண்டு பேரும் நடு பஸ் ஸ்டாண்டுல உக்காந்து கையாட்டிக்கிட்டு." அவ்வளவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டீர்கள்.

பதினாலு வருஷம் எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும் என்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு நாள் நன்றாக எழுதியிருக்கிறது. படம் வரைகிற போட்டியில் முதலாவது வந்ததாகச் சொல்ல, பள்ளிக்கூடத்திலிருந்து அவள் நேராகக் கடைக்கு ஓடி வந்தாள். நீங்கள் ஒரு காண்டிராக்டரிடம் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தீர்கள். அவள் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று கையால் சொன்னாள். அவர் பார்த்தார். நீங்கள் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் கவுண்டர்மேல் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் எழுதினீர்கள். பட்டியல் முடியும் வரைக்கும் விடவில்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் வாயைப் பொத்தியிருந்தால் அந்த ஆளே எழுந்து கேட்டிருப்பார். இது கைதானே என்று பேசாமல் இருந்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் கிளம்பினோம். நீங்கள் எல்லோரிடமும் வேலை கிடைத்துப் போனதாகச் சொன்னீர்கள். இருக்கட்டும்.

மேசையை எடுத்துவிடுங்கள்.

பட்டாணியின் அம்மா

*

மார்ச் 20

டீச்சருக்கு,

பன்னிரண்டு வருஷம் மனசுக்குள் வைத்திருந்து இப்போது எழுதுகிறாய். அன்றைக்கே கடையில் வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நான் படித்தவன் இல்லை. கைவண்டியில் சுண்ணாம்பு விற்று மேலே வந்தவன். கடை இல்லாவிட்டால் உங்கள் இரண்டு பேருக்கும் கூரை ஏது? அந்தப் பெரிய மனுஷன் அன்றைக்கு எடுத்தது நூற்றிருபது டின். அந்த ஆர்டரில்தான் கடை நிமிர்ந்தது. நானும் ஒரு பக்கத்துக்கு எழுதுவேன், எனக்கும் பேனா இருக்கிறது.

தகடு வேண்டாமென்றால் போ. கோல்கீப்பரை நாலாம் இடமாக்கிவிடுகிறோம்.

கடைக்காரர்

*

ஏப்ரல் 6

அன்புள்ள டீச்சருக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். போன கடிதத்தைக் கிழித்திருப்பாய் என்று நம்புகிறேன். கிழிக்காவிட்டால் இப்போது கிழி.

அந்தக் காண்டிராக்டர் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தார். டின் கணக்கு ஞாபகம் இருந்தது. எந்த ஷேடு என்றுகூடச் சொல்வேன். பட்டாணி கை மட்டும் ஞாபகமே இல்லை. நீ எழுதிப் பத்து நாள் கழித்து, ஷட்டரைத் தூக்கும்போது வந்தது. நான் பிடித்திருந்தபோது அந்தக் கை முதலில் திமிறியது, அப்புறம் சும்மா இருந்தது. சும்மா ஆனதும் "புள்ளை சொன்னா கேக்குது" என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சனிக்கிழமை சாயந்திரம் பஸ் நிலையம் போனேன். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு எதிரே எட்டுப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். நல்ல கூட்ட நாளில் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. ஒருத்தர் ஏதோ சொன்னார், மூன்று பேர் விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பற்றியோ என்று வேறு சந்தேகம்.

கொஞ்ச வயசானவர் ஒருத்தர் என் முன்னால் வந்து நின்று, பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார். "பெயிண்ட் கடை?" தலையாட்டினேன். உன் இஸ்திரிக்காரர்தான். "டீச்சர் நலமா? சின்னப் பொண்ணு நலமா?" என்று எழுதினார். நான் பென்சிலை வாங்கி "நலம்" என்று எழுதினேன். பெண் விஷயத்தில் எனக்கே தெரியாததை எழுதிக் கொடுத்தேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நீ அப்போது உட்கார்ந்த இடத்தைக் காட்டினார். மூன்றாவது தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சு, சுவர் ஓரம்.

திங்கட்கிழமை சங்கக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். இந்த வழி வேலைக்குத் தலைவராக இருக்கிற ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், "என்னங்க இது, பஸ் ஸ்டாண்டுல யாரு நின்னு படிப்பாங்க?" என்றார். "பஸ்ஸுக்கு நிக்கறவன் படிப்பான் சார். அவனுக்கு வேற என்ன வேலை?" என்றேன். மருந்துக்கடைக்காரர் விடவில்லை. "சொந்த வீட்டுச் சுவரையே வேணாங்கறீங்க. வீட்டுல சண்டையா?" என்றார். "சண்டை போட ஆளு இருந்தா நான் ஏன்யா இங்க வந்து உக்காந்திருக்கேன்?" என்றேன். தீர்மானத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

புதுத் தகட்டின் வாசகம் இது: "இந்த இடத்தில் ஏழு ஆண்டுகள் மாலை நேரங்களில் அமர்ந்து, இங்கு கூடுவோரிடம் கேட்டு, தன் மகளுக்காகத் தொடங்கிய சைகை அகராதியை வரைந்தார்." சரியா பார். ஒரு வார்த்தை கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்றால் சொல். பித்தளையில் வார்த்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

மேசையைப் பல் டாக்டர் வாங்கிக்கொண்டார். சுவரில் போட்ட ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, அதே ஷேடு அடித்துவிட்டேன். பெயிண்ட் கடைக்காரன் சுவரில் ஓட்டை தெரியக் கூடாதே.

புதுத் தகடு தயாராகத் தாமதமாவதால் திறப்பை மே கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம். வருவாயா?

உன் வீட்டுக்காரன்

*

ஏப்ரல் 19

அன்புள்ள உங்களுக்கு,

வாசகம் சரியாக இருக்கிறது. ஒன்றும் மாற்ற வேண்டாம். இரண்டு தடவை படித்தேன்.

நான் வரவில்லை. கோபத்தில் சொல்வதாக நினைக்காதீர்கள். மேடையில் உங்கள் பக்கத்து நாற்காலியில் என்னை உட்கார வைப்பார்கள். ஊர் ஒன்று நினைத்துக்கொள்ளும். நீங்களும் ஒன்று நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு இப்போது இருக்கிற வாழ்க்கை பிடித்திருக்கிறது.

பட்டாணி கட்டடப் படம் வரைகிற ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் ஏப்ரல் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். "பஸ் ஸ்டாண்டுக்கு நிஜமாவே போனாரா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

வழித்தாள் அச்சானதும் இரண்டு அனுப்புங்கள்.

பட்டாணியின் அம்மா

*

ஜூன் 22

அன்புள்ள டீச்சருக்கு,

அனுப்பிய தாள் இரண்டும் கிடைத்திருக்கும். திறப்பு நன்றாக நடந்தது. ஹெட்மாஸ்டர் முக்கால் மணி நேரம் பேசினார். காது கேட்கிறவர்கள் எல்லோரும் நெளிந்துகொண்டிருந்தோம். இஸ்திரிக்காரர் கூட்டம்தான் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டு ஜாலியாக இருந்தது. உன் தகட்டை அவர்கள் ஆளுக்கொரு தடவை தொட்டுப் பார்த்தார்கள்.

தாளில் உன் இடத்துக்கு வழி எப்படிப் போட்டிருக்கிறார்கள் பார்த்தாயா? "நீதிபதி வீட்டிலிருந்து நேராக இருநூறு மீட்டர். பெயிண்ட் கடை தாண்டி இடது பக்கம் திரும்பவும்." அச்சுக்குப் போகும் முன்னால் நான்தான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது ஒவ்வொருத்தராகக் கடை எதிரே வந்து நிற்கிறார்கள், தாளைப் பார்க்கிறார்கள், என் போர்டைப் பார்க்கிறார்கள், இடது பக்கம் போய்விடுகிறார்கள். பதினாலு வருஷம் குடும்பம் நடத்திய வீடு, தாளில் ஒரு திருப்பம். புகார் சொல்லவில்லை. நானே அளந்த வழி.

சிலருக்குக் கடைக்கு முன்னால் திரும்புவதா, தாண்டித் திரும்புவதா என்று குழப்பம். கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்ப்பார்கள். தாளோடு யார் நின்றாலும் என் இடது கை தானாகப் போய்விடுகிறது. வேலை கெடக் கூடாது பார்.

இன்னொரு சேதி. உன் அகராதியை வாங்கிவிட்டேன். கவுண்டர்மேலேயே இருக்கிறது. ஆளில்லாத நேரத்தில் படிக்கிறேன். நிறங்கள் பகுதியை முதலில் எடுத்தேன், தொழிலுக்கு ஆகுமே என்று. இருபத்திரண்டு நிறம் இப்போது கையில் வரும். போன வாரம் இஸ்திரிக்காரர் கதவுக்குப் பெயிண்ட் வாங்க வந்தார். நோட்டை எடுக்கப் போனார். நான் "நீலமா, பச்சையா?" என்று கையால் கேட்டேன். மனுஷன் நோட்டைக் கீழே போட்டுவிட்டார். "இளநீலம்" என்றார். புரிந்துகொண்டு எடுத்துக் கொடுத்தேன். அடுத்தது அளவுகள், எண்கள். அதற்கப்புறம் "குடும்பம்" என்று ஒரு பகுதி இருக்கிறது. வரிசையாகப் போகிறேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெண் தாளோடு வந்து நின்றாள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தோளில் பை. வெளியூர்ப் பிள்ளை. நல்ல உயரம். நான் ஒரு பெரிய ஆர்டருக்கு ஷேடு கலந்துகொண்டிருந்தேன், பார்ட்டி எதிரே நிற்கிறார். அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைத் தூக்கி ஏதோ சின்னதாகக் கேட்டாள். இடது பக்கம் காட்டினேன். போகாமல் நின்று மறுபடியும் அதையே கேட்டாள். நானும் மறுபடி காட்டினேன், கையை நன்றாக நீட்டி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொன்னால் போதுமா? தலையாட்டிவிட்டுப் போனாள்.

போன பிறகு, பட்டாணி இப்போது அந்த உயரம் இருப்பாளோ என்று தோன்றியது. இருப்பாளா? எழுது.

உன் வீட்டுக்காரன்

*

ஜூலை 3

பட்டாணியின் அப்பாவுக்கு,

ஆமாம். அந்த உயரம்தான்.

வந்தது அவள்தான். நீங்கள் அனுப்பிய தாளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, லீவு போட்டு, தனியாக வந்தாள். நான் போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. முதல் இடத்திலிருந்து ஒழுங்காக நடந்து வந்தாளாம். கடைக்குள் வந்து உட்கார வேண்டும் என்றுதான் கிளம்பியிருந்தாள். எதிரே ஆள் நின்றதால் வெளியிலிருந்தே உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். "குடும்பம்" பகுதியில் அது முதல் படம். இரண்டு தடவை கூப்பிட்டதாகச் சொன்னாள். நீங்களும் இரண்டு தடவை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

திரும்பி வந்து, உங்களுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது என்றாள். கவுண்டரில் புத்தகம் விரித்து வைத்திருந்ததைப் பார்த்தாளாம். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நீங்கள் உயரம் கேட்டு எழுதிய பிறகு என்னால் மறைக்க முடியவில்லை.

இன்னொரு தடவை வரச் சொல்லி எழுதாதீர்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். பார்த்தாகிவிட்டது, போதும் என்றாள். அவள் ஒன்று முடிவு செய்தால் அதில் பேரம் கிடையாது. அது உங்கள் பக்கத்துக் குணமா, என் பக்கத்துக் குணமா என்று தெரியவில்லை.

அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள், அப்புறம் நீங்கள் கை காட்டிய பக்கமே போயிருக்கிறாள்.

பட்டாணியின் அம்மா